அய்யனார் கோயிலுக்கு இழுத்த கேபிள்

1

எங்கள் வீட்டில் லேப்டாப் திறந்து கிடக்கக் கூடாது. இது என் மனைவி செல்வி போட்ட சட்டம். மூடாமல் கிடக்கும் பால் சட்டியையும் மூடாமல் கிடக்கும் லேப்டாப்பையும் அவள் ஒரே கண்ணால்தான் பார்ப்பாள். போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். உள்ளே எது ஓடிக்கொண்டிருந்தது, எது பாதியில் நின்றது என்பதெல்லாம் அவள் கணக்கில் வராது.

"அம்மா, டவுன்லோடு போட்டிருந்தேன்!" என்று மகள் கயல் கத்துவாள்.

"ஆளில்லாம எதுக்குத் தொறந்து கெடக்கு? கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"ஆமாங்க. இது அப்பா வீடுதானே?"

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த வசவுக்கு மட்டும் செல்வியால் மாற்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். ஊர் திருப்பனந்தாள் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து என்னை நர்சிங் படிக்க வைத்தார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. எனக்குப் பத்து வயது இளைய தங்கை மஞ்சு மட்டும்தான் ஊரில் எனக்கென்று இருப்பவள். அவள் கணவர் குமார் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறார். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, வேளாங்கண்ணிக்கும் நடந்து, அய்யனாருக்கும் நேர்ந்து, அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் இனியா.

போன ஆவணியில் இனியாவுக்குக் காதுகுத்து. செல்வியின் சட்டம் அதில் போய் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் குழந்தைக்கு மொட்டையடித்துத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் மாமன் வீட்டுச் சீர். சீர் குறைந்தால் பேச்சோடு போகும். மாமன் மடி இல்லையென்றால் அது பல காலத்துக்கு நிற்கும்.

மஞ்சுவுக்கு அப்படித்தான் நின்றது. அவளுக்குக் காது குத்தியபோது எங்கள் மாமா வரவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அப்பா நேரில் வராமல் ஆள் விட்டுச் சொன்னார் என்று அவருக்குக் கோபம். அதே அய்யனார் கோயிலில் காலையிலிருந்து காத்துக்கிடந்தோம். வாய்க்கால் பாலத்தில் சைக்கிள் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து பார்த்தாள். நான் பாலத்துக்கே போய் நின்றுகொண்டேன். உச்சிவெயில் ஏறிய பிறகு அப்பா மடியிலேயே வைத்துக் குத்திவிட்டார்கள்.

மஞ்சுவின் இடது காது சீழ் வைத்து ஆற வெகுநாளானது. அதற்குக் காரணம் துருப்பிடித்த கம்பியாக இருக்கலாம், வாய்க்கால் தண்ணீராக இருக்கலாம். அம்மாவைக் கேட்டால் ஒரே காரணம்தான். "மாமன் மடியில்லாம குத்துன காது. எப்புடி ஆறும்?" சாகும் வரைக்கும் இதைச் சொன்னாள். மஞ்சு தோடு மாற்றும்போதெல்லாம் இதைக் கேட்டே வளர்ந்தாள்.

ஆகவே இனியா பிறந்த அன்றே எனக்கு உத்தரவு வந்துவிட்டது. "அண்ணே, யாரு வந்தாலும் வராட்டியும் நீ வரணும். ஒம் மடியிலதான் குத்துவேன்."

ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். ஒரு வயதில் ஊரடங்கு. மூன்று வயதில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குமார் வீட்டுப் பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. "அவங்கண்ணன் வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கல்யாண வயசே வந்துடும்" என்று குமாரின் அம்மா சொன்னதாக மஞ்சுவே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஐந்து வயதைத் தவறவிட முடியாது என்று நாள் குறித்தார்கள்.

3

செல்வியும் கயலும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை. வாங்கினால் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பித் தர வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. "அதுல என்ன, ஒங்க மொகத்த விட அதுல இருக்குற மொகம் அழகா?" என்று செல்வி கேட்டாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. பிறந்த ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும் ஒரே பொருள் அதுதான், அவ்வளவுதான்.

கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். அது புதிதானால் இங்கே தங்குவதற்கான அட்டையும் புதிதாக வேண்டும். பழைய அட்டையை அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. புதியது வரவில்லை. மின்னஞ்சல் போட்டேன், வரிசையில் நின்றேன், எண் எடுத்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் நல்லவர்தான். என் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னார்: "நீங்கள் தாராளமாக ஊருக்குப் போகலாம். எந்தத் தடையும் இல்லை. திரும்பி வருவதில்தான் கொஞ்சம் சிக்கல்."

ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த என் மனைவியும் மகளும் இந்தியாவுக்கு விமானம் ஏறினார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த நான் விமான நிலையத்தில் கை காட்டிவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

கயல் போவதிலும் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பதினாறு வயது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அறைக்கதவு மூடியே இருக்கும். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். பேசும் தமிழும் அம்மாவைப் பார்த்துக் கற்றது என்பதால் அதில் வசவும் மரியாதையும் மட்டும்தான் உண்டு. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட "வாங்க, வாங்க" என்பாள். காதுகுத்து என்று சொன்னபோது, "மயக்க மருந்து இல்லாமலா? குழந்தையிடம் சம்மதம் கேட்டீர்களா?" என்று ஜெர்மனில் என்னிடம் சண்டைக்கு வந்தாள். அங்கே போய் ஏதாவது சொல்லி மானத்தை வாங்கிவிடுவாளோ என்று பயந்தேன்.

4

நான் வர முடியாது என்று மஞ்சுவிடம் சொன்னேன். அவளே ஒரு வழி சொன்னாள். "ஒன் வேட்டி ஒண்ண அண்ணிகிட்டக் குடுத்து வுடு. மணையில அத மடிச்சுப் போட்டு, அது மேல இனியாவ உக்கார வைக்கிறேன். எதுத்தாப்புல ஃபோன்ல நீ இரு. நீ குத்துங்கன்னு சொல்லு, ஆசாரி குத்தட்டும். யாரு மடியும் வாணாம்."

நல்ல யோசனைதான். ஆனால் அய்யனார் கோயில் நடு வயலில் இருக்கிறது. வீடியோவை விடுங்கள், வெறும் பேச்சுக்கே அங்கே செல்போன் கோபுரம் எட்டாது. குறுவைக் கதிருக்கு மேலே ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குமார் வரப்பு வரப்பாக நடந்து பார்த்திருக்கிறார்.

கோயிலை ஒட்டிய நெற்களத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடு. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் கட்டியது. அங்கே பைபர் இணைப்பு உண்டு, ஆனால் அந்த வைஃபை வாசற்படி தாண்டாது. குமார் சிசிடிவி மாட்டுபவரிடம் ஒரு சுருள் கேபிளை வாங்கிவந்து, ஜன்னல் வழியாக, களத்து வேலியில் கட்டி, கோயில் மண்டபம் வரை இழுத்துவிட்டார். கேபிள் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அதை ஃபோனில் எங்கே சொருகுவது?

இங்கேதான் கயல் வாயைத் திறந்திருக்கிறாள். "அத்தை, லேப்டாப் இருக்குங்களா? பழசு வேணும். புதுசுல இந்த ஓட்டை இருக்காது."

மஞ்சு பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் பீரோவுக்கு மேலே இருந்தது. பாட்டரி செத்துப்போய், கரண்டில் செருகினால்தான் உயிர் வரும். ஆனால் பக்கவாட்டில் அந்தச் சதுர ஓட்டை இருந்தது. கயல் ஒரு மதியம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் கேபிள் வழியாக வரும் இணையத்தை லேப்டாப் வாங்கிக்கொண்டு, தானே ஒரு வைஃபை பெட்டி மாதிரி சுற்றியிருக்கும் ஃபோன்களுக்குக் கொடுக்கும்படி செய்துவிட்டாள். ஹாட்ஸ்பாட்.

சோதனைக்காக மண்டபத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். விபூதி பூசிய அய்யனார் குதிரை தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாக வயல் தெரிந்தது. குமார் முகம் முழுக்கப் பல்.

"மச்சான், தெரியுதா? ஒங்க பொண்ணு கெட்டிக்காரிதான். எங்க கேபிள்காரரே வாயப் பொளந்துட்டாரு."

"ஹாட்ஸ்பாட்டுக்கு என்ன பேரு வச்சிருக்க கயலு?" என்று கேட்டேன்.

"மாமா" என்றாள். "எல்லாரும் ஃபோன்ல 'மாமா'ன்னு தேடித் தொட்டாப் போதும்."

5

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால். இங்கே அதிகாலை, எனக்குக் காலைப் பணி. எங்கள் பொறுப்பாளர் ரெனாட்டா போலந்துக்காரி. மகனின் திருமணத்தையே ஃபோனில் பார்த்தவள். விஷயத்தைச் சொன்னதும், "போய் உட்கார். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஊழியர் அறைக்கு அனுப்பிவிட்டாள். சீருடை மேலேயே அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அழைப்பு வந்தது. மணையில் என் வேட்டி. அதன் மேல் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இனியா. எதிரே ஒரு செம்பில் சாய்த்து ஃபோனை நிறுத்தியிருந்தார்கள். ஃபோனுக்குச் சின்ன மாலை போட்டிருந்தது திரையோரத்தில் தெரிந்தது. இருக்கும்போதே படத்துக்கு மாலை போட்ட மாதிரி இருந்தாலும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

"மாமா" என்றாள் இனியா. இத்தனை வருடமாக ஃபோனில் மட்டுமே பார்த்த மாமன் என்பதால் அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"மாமனுக்குச் சந்தனம் வைக்காம என்னடி சபை?" என்ற குரல் கேட்டது. எங்கள் பெரியம்மா. ஒரு பெரிய விரல் திரையை நோக்கி வந்தது. அடுத்த நொடி எல்லாம் மஞ்சள். எட்டிப் பார்த்த ரெனாட்டா, "உங்கள் ஊரில் சூரிய உதயமா?" என்று கேட்டாள்.

"பெரியாயீ, கேமராவுல வைக்காதீங்க!" இது கயல். ஒரே சிரிப்பு. பாவாடை நுனியால் அவள் துடைத்ததும் மறுபடி முகங்கள் தெரிந்தன. ஆசாரி தோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மஞ்சு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சொல்லுண்ணே."

நான் வாயைத் திறந்தேன். திரை உறைந்தது. பிறகு கறுத்தது.

திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. மஞ்சுவின் எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று தமிழில் சொன்னது அந்தப் பெண்குரல். குமார் எண்ணும் அப்படியே. வாய்க்கால் பாலத்தை எழுந்து எழுந்து பார்த்த அம்மாவின் முதுகு எனக்கு நினைவு வந்தது. இந்த முறை வராமல் போனது நான்.

அறையெண் பலகையில் விளக்கு எரிந்தது. ஹில்டா பாட்டியம்மாவுக்குக் காலுறை மாட்டும் நேரம். ரெனாட்டா வேறோர் அறையில் இருந்தாள், நான்தான் போக வேண்டும். இறுக்கமான காலுறையை மாட்டிவிடும்போது, "உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டுகிறாயே, என்ன ஆயிற்று?" என்று ஹில்டா கேட்டார். தங்கை மகளுக்கு இன்று காதுகுத்து என்று சொல்ல முயன்றேன். அவசரத்தில் சரியான சொல் வரவில்லை. சுவரில் ஆணியடிக்கத் துளை போடும் சொல்தான் வந்தது. ஹில்டா தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். விளக்க எனக்கு அப்போது தெம்பு இல்லை.

6

அங்கே நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றையும் சேர்த்தால் இதுதான்.

செல்வி எங்கள் வீட்டுச் சீரை எடுத்து வந்தாள். பழத்தட்டுகளை வைக்க இடமில்லை. சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. மண்டப ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் ஒரு பழைய லேப்டாப், யாரும் பார்க்காமல், கறுத்த திரையோடு, திறந்து கிடந்தது. இத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஒரு தட்டு. மூடினாள். அதன் மேல் வாழைத்தாரும் பட்டுப்பாவாடையும் இருந்த பெரிய தட்டை வைத்தாள். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், அது தூங்கினால் நானும் போய்விடுவேன் என்பது அவளுக்குத் தெரியாது. ஃபோனில்தானே மாமன் இருக்கிறான்? அந்த மாமன் வீட்டுச் சீர்தான் மாமன் வாயை அடைத்தது.

கயல்தான் ஓடிப்போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப் ஒருமுறை தூங்கினால் அவ்வளவு சீக்கிரம் எழாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முகம் மறைந்ததும் இனியா அழ ஆரம்பித்தாள். மணையை விட்டு இறங்கிவிட்டாள்.

"ராகு காலம் வரப் போவுது. குமாரோட அண்ணன் மடியில வைங்க. அவரும் பெரியப்பந்தானே?" என்றார் குமாரின் அம்மா. அவரையும் குறை சொல்ல முடியாது.

"எங்கண்ணன் வராம குத்தக் கூடாது" என்றாள் மஞ்சு. ஆசாரி தோட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

அப்போதுதான் கயல் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கிறாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வந்து மணையில், என் வேட்டி மேல், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டி, "இனியா, வாங்க" என்றாள். இனியா போய் மடியில் ஏறிக்கொண்டாள்.

"பொட்டப்புள்ள மாமனாடி? ஊருல கேட்டா சிரிப்பாங்க" என்றாள் பெரியம்மா.

மஞ்சு திரும்பினாள். "எங்கண்ணன் புள்ள பெரியம்மா. அதுக்கு மேல என்ன வேணும்?"

ஆசாரி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கயலைப் பார்த்தார். மயக்க மருந்து எங்கே என்று என்னிடம் சண்டை போட்டவள், குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாளாம்.

"குத்துங்க."

நான் காலுறை மாட்டிவிட்டு வந்தபோது அங்கே லேப்டாப் ஒருவழியாக எழுந்துவிட்டிருந்தது, இங்கே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. திரை முழுக்க கயல் முகம். நெற்றியில் பெரியம்மாவின் பெரிய விரல் வைத்த சந்தனம். மடியில் தோடு போட்ட இனியா விக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கடிச்சிட்டாங்க" என்று முழங்கையைக் காட்டினாள். பல் பதிந்திருந்தது. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை அவள் வாங்கிய எந்த மதிப்பெண்ணுக்கும் நான் பார்த்ததில்லை. பின்னால் செல்வி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சு ஃபோனை வாங்கினாள். "அண்ணே, ஒம் மடியிலதான் வச்சுக் குத்துனோம்" என்றாள். தலையை ஆட்டினேன்.

7

என் அட்டை அடுத்த மாதம் தபாலில் வந்து சேர்ந்தது. இன்ன தேதி முதல் தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று ஒரு வாழ்த்தும் இருந்தது.

இனியாவின் காது சீழ் இல்லாமல் ஆறிவிட்டது. அம்மா இருந்திருந்தால் காரணம் சொல்லியிருப்பாள். கயல் பழையபடிதான். கதவு மூடியே இருக்கிறது, பதில் ஜெர்மனில் வருகிறது. கடித்த தழும்பு மறைந்துவிட்டதே என்று ஒருநாள் வருத்தப்பட்டாள். செல்வி மட்டும் மாறியிருக்கிறாள். திறந்த லேப்டாப்பைப் பார்த்தால் கை போகிறது, பாதி வழியில் நிற்கிறது, வீட்டில் யாருடைய மாமனாவது உள்ளே இருக்கிறானா என்று எங்களைப் பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சு கூப்பிட்டாள். இனியா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமாகிட்டக் குடுங்க."

"மாமாதாண்டா பேசுறேன். தெரியலயா?"

ஃபோனைக் கிட்டே கொண்டுவந்து என்னை நன்றாகப் பார்த்தாள். தோடு ஆடியது.

"நீங்க இல்ல. என்னைய மடியில வச்சிருந்தாங்கள்ல, அந்த மாமா."

எழுந்து போய் மூடிய கதவைத் தட்டினேன்.

"கயலு, ஃபோன் ஒனக்குத்தான்."